ஏழு பக்கப் பேச்சும் ஒரு கப்பல் சமையல்காரரும்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

வெள்ளைத்தோல்காரர்கள் எல்லாருமே பிறந்தது முதல் இங்கிலீஷ்காரர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எப்போது வரை? போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதே கால் மணி வரை. வயது? நாற்பத்தேழு. வேலை? மலாய் நாட்டு அரசாங்க ஆபீஸில் கிளார்க். அதுவும் ஃபைல் பிரிவு. எதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய இடம்!

பிரெஞ்சு, ஜெர்மன் என்றெல்லாம் மொழிகள் இருப்பது எனக்குத் தெரியும். அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதெல்லாம் அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வது, புத்தகம் எழுதுவதென்றால் கை கால் கழுவிக்கொண்டு இங்கிலீஷில்தான் எழுத உட்காருவார்கள் என்று ஓர் எண்ணம். யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே வளர்ந்தது.

இந்த எண்ணத்தை நான் பாட்டுக்கு மனசுக்குள் வைத்துக்கொண்டு செத்திருக்கலாம். விதி, மாணிக்கம் வடிவத்தில் வந்தது.

மாணிக்கம் என் பழைய சிநேகிதர். கேரி தீவில் ஓர் எஸ்டேட் தமிழ்ப்பள்ளிக்குத் தலைமையாசிரியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சிறுவர் கதைப் புத்தகம்.

“சார், நம்ம ஸ்கூலுக்கு ஒரு எழுத்தாளர் அம்மா வராங்க. நார்வே நாடு. இது அவங்க எழுதினது. அவங்க ஊர்க்காரங்க மூணு பெட்டி கதைப் புத்தகம் வெச்சிருக்காங்களாம். எல்லாம் பரிசு வாங்கின புத்தகம். ஏதாவது ஒரு ஸ்கூலுக்குக் கொடுக்கணும். எந்த ஸ்கூல்னு இந்த அம்மாதான் முடிவு பண்ணுவாங்க. நாலு ஸ்கூலைப் பார்க்கிறாங்க லா... நம்மதுதான் கடைசி.”

“இப்போ உங்க லைப்ரரி எப்படி இருக்கு?”

“லைப்ரரியா? ஒரு இரும்பு அலமாரி சார். பாதி பரீட்சை கைடு. மீதி, பழைய எஸ்டேட் மேனேஜர் ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போன இங்கிலீஷ் கதைப் புத்தகம். இந்த மூணு பெட்டி மட்டும் கிடைச்சிட்டா...” அவர் முடிக்கவில்லை. தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, “நீங்க வரவேற்புரை பேசணும். அந்த அம்மா அசந்துபோகணும்” என்றார்.

அசத்துவதற்கு என்னைக் கூப்பிட்டால் நான் என்ன, வேண்டாம் என்றா சொல்வேன்?

புத்தகத்தின் அட்டையில் தங்க நிறத்தில் ஒரு வட்டம். பதக்கம் வாங்கிய புத்தகமாம். முதல் நாலு பக்கத்தை அப்படியே தள்ளிவிட்டேன். கதைப் புத்தகத்தில் முதல் நாலு பக்கத்தை யார் படிக்கிறார்கள்? அச்சிட்டவர் விலாசம், யாரோ ஓர் அத்தைக்குச் சமர்ப்பணம்... நேரே கதைக்குப் போய்விட்டேன்.

ஒரு குடும்பம் தங்கள் மரவீட்டை அப்படியே படகில் கட்டி, அடுத்த தீவுக்கு இழுத்துப் போகிறது. இதுதான் கதை. அவர்கள் வளர்க்கும் ஆடு சமையலறையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. வீடு கடலில் போகிறது, ஜன்னல் வழியாக ஆடு எட்டிப் பார்க்கிறது, எதிரே வரும் கப்பல்காரர்கள் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்கிறார்கள். நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

சிரித்ததோடு விட்டேனா? அந்த இங்கிலீஷ் என்னை மயக்கிவிட்டது. சின்னச் சின்ன வாக்கியம். ஓர் அலங்காரம் கிடையாது. ஆனாலும் அலை அடிப்பது காதில் கேட்கிறது. ஒன்பது வாக்கியங்களை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

என் மனைவி கமலாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “நல்லா இருக்கு. ஆனா இவங்க இங்கிலீஷ்காரங்க மாதிரி தெரியலையே?”

“உனக்கென்ன தெரியும்? வெள்ளைக்கார அம்மா எழுதினது!”

அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அங்கேயே நான் திருந்தியிருக்க வேண்டும்.

உட்கார்ந்து அடித்தேன் ஒரு வரவேற்புரை. ஆபீஸ் தமிழ் டைப்ரைட்டரில், ஏழு பக்கம். ஏழிலும் ஒரே விஷயம்தான்: அம்மையாரின் ஆங்கிலம். அம்மையாரின் ஆங்கிலம் தென்றல். அம்மையாரின் ஆங்கிலம் அருவி. அம்மையார் தம் தாயிடம் பால் குடிக்கும்போதே குடித்த ஆங்கிலம்!

ஆறாம் பக்கத்துக்கு வந்ததும் ஆவேசம் தலைக்கு ஏறிவிட்டது. “மொழிபெயர்ப்பு நூல்கள் அடுத்தவர் மென்று துப்பிய வெற்றிலை. அதைத் தீண்டாத அசலே, வருக!” என்று எழுதிவிட்டு, நானே எழுந்து நின்று கைதட்டாத குறை. ஒரு பிரதியை முன்கூட்டியே மாணிக்கத்துக்குத் தபாலில் அனுப்பியும் வைத்தேன். பெருமை பொறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை கிள்ளானுக்கு பஸ். அங்கே மாணிக்கம் காருடன் நின்றார். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் ஓடிக்கொண்டிருக்க, மேடையில் சொல்வதற்கு அம்மையாரின் பெயரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று புத்தகத்தைத் திறந்தேன். அதாவது, முதல் நாலு பக்கத்தை.

அவர் பெயருக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. நார்வே மொழியிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இன்னார்.

அவசரமாகப் பின் அட்டையைத் திருப்பினேன். அந்தத் தங்க வட்டம் எதற்காம்? வேறு மொழியில் பிறந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டு வரும் சிறுவர் புத்தகங்களில் சிறந்த ஒன்றுக்கு, அமெரிக்காவில் ஆண்டுதோறும் தருகிற பதக்கமாம்.

மணி ஒன்பதே கால்.

“மாணிக்கம்... காடியை நிறுத்துங்க.”

“என்ன சார், வாந்தி வருதா?”

“இனிமேதான் வரும்.”

விஷயத்தைச் சொன்னேன். மாணிக்கம் காரை ஓரமாக நிறுத்தினார். “ஆக, மொழிபெயர்ப்புக்குப் பரிசு வாங்கின அம்மாவைக் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பு துப்பின வெற்றிலைன்னு சொல்லப் போறோம்.”

“சொல்லப் போறதில்லை! கிழிச்சுப் போட்டுடுவோம். ஏதாவது வாயால சொல்லிச் சமாளிக்கிறேன்.”

“அது முடியாது சார்.”

“ஏன்?”

“சைக்ளோஸ்டைல் எடுத்து எல்லாப் பெற்றோர்களுக்கும் நேத்தே கொடுத்தாச்சு. நீங்க எழுதினதாச்சேன்னு...”

எனக்கு உள்ளங்கால் வியர்த்தது. உங்களுக்கு வியர்த்திருக்கிறதா? அது ஒரு தனி அனுபவம்.

பள்ளி கேன்டீன்தான் மண்டபம். மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கி, ஓரமாக அந்த இரும்பு அலமாரி. அம்மையார் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் மூக்கு சிவந்து, கழுத்தில் மூன்று மாலை, அதற்கு மேல் ஒரு பொன்னாடை. நம் ஆட்கள் அன்பைக் காட்ட ஆரம்பித்தால் விருந்தாளிக்கு மூச்சு முட்டாமல் விடமாட்டோம் அல்லவா?

மாணிக்கம் குனிந்து, “ஹவ் வாஸ் த ஜர்னி, மேடம்?” என்றார்.

“யெஸ்,” என்றார் அம்மையார். “வெரி ஹாட்.” பிறகு ஒரு நல்ல சிரிப்பு. அவ்வளவுதான். இங்கிலீஷ் தீர்ந்துவிட்டது.

மொழிபெயர்த்துச் சொல்ல உடன் வர வேண்டிய அதிகாரி முந்தின சாயங்காலம் காஜாங்கில் முப்பது குச்சி சாத்தே, அதாவது சுட்ட இறைச்சி, சாப்பிட்டுவிட்டுப் படுத்த படுக்கையாம். டிரைவர்தான் அம்மையாரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அவருக்கு மலாய் மட்டும் தெரியும்.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷும் அநேகமாகத் தெரியாது. அப்படியானால் நான் என்ன பேசினாலும்... தப்பித்தேன்! அந்த முப்பது குச்சிக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

“கவலைப்படாதீங்க சார்,” என்றார் மாணிக்கம். “நான் ஏற்பாடு பண்ணிட்டேன்.”

“என்ன ஏற்பாடு?”

“நம்ம செபஸ்தியான்! எஸ்டேட் முனையில சின்னதா ஒரு சாப்பாட்டு ஒட்டுக்கடை வெச்சிருக்காரு. நார்வே சரக்குக் கப்பல்ல பதினோரு வருஷம் குக்கு. அந்தப் பாஷையைத் தண்ணி பட்ட பாடா பேசுவாரு. நீங்க தமிழ்ல பேசப் பேச, அவர் நேரா நார்வே பாஷையில சொல்லிடுவாரு.”

ஏழு கோடி தமிழர்களில், நார்வே மொழி தெரிந்த ஒரே சமையல்காரர் கேரி தீவில் இருப்பார் என்று யார் கண்டது?

செபஸ்தியான் வந்தார். ஆறடி. கொழுத்த மீசை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நண்டு சமைத்துவிட்டு நேரே வந்ததில், மசாலா வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

“அண்ணே,” என்றேன் தாழ்ந்த குரலில். “இது கொஞ்சம் கஷ்டமான பேச்சு. ரொம்பச் சிரமப்பட வேணாம். சுருக்கமா ‘வாழ்க, வளர்க’ன்னு சொல்லிட்டா போதும்.”

அவர் என் முதுகில் ஒன்று வைத்தார். “கஷ்டமா? பாஸ், நான் புயல்ல நின்னு மீன் பொரிச்சவன். நீங்க பாட்டுக்கு அடிங்க. ஒரு சொல்லு விடாம கொண்டுபோய்ச் சேர்த்துடுறேன்.”

மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். எதிரே அறுபது பெற்றோர். மடியில் அறுபது சைக்ளோஸ்டைல் பிரதி. கோயில் பஜனையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருப்பது போல, முதல் வரியில் விரலை வைத்துத் தயாராக இருக்கிறார்கள்.

“மாண்புசால் அம்மையார் அவர்களே!” என்று தொடங்கினேன். செபஸ்தியான் குனிந்து அம்மையாரிடம் இரண்டு நிமிஷம் பேசினார். மூன்று வார்த்தைக்கு இரண்டு நிமிஷமா? அம்மையார் கலகலவென்று சிரித்தார்.

சரி, நல்ல ஆரம்பம். இரண்டாம் பாராவில்தான் அந்தத் தாய்ப்பால் வருகிறது. மெல்ல அதைத் தாண்டி மூன்றாம் பாராவுக்குக் குதித்தேன்.

“சார்!” முன்வரிசையிலிருந்து ஓர் அக்கா. “ரெண்டாவது பாராவை விட்டுட்டீங்க.”

“ஆமா லா, விட்டுட்டாரு,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். அறுபது விரல்களும் இரண்டாம் பாராவில் நின்றன.

படித்தேன். வேறு வழி? தென்றலைப் படித்தேன், அருவியைப் படித்தேன். நான் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் கேன்டீன் முழுவதும் ‘சரக்’ என்று திருப்பியது. செபஸ்தியான் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். அரைப்பக்கம் படித்தால் மூன்றே சொல் சொன்னார். ஒரு வரி படித்தால் கையை ஆட்டி, ஏதோ பாத்திரத்தைக் கிண்டுவது போலக் காட்டி, நீளமாக விளக்கினார்.

நாலாம் பக்கத்தில் அம்மையார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

அழவைத்துவிட்டேன்! அந்நிய நாட்டுப் பெண்மணியை, மாலையும் பொன்னாடையும் போட்டு உட்காரவைத்து அழவைத்துவிட்டேன்!

ஐந்தாம் பக்கத்தில் செபஸ்தியான் என்னைக் கையால் காட்டி என்னமோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இது அழுகையைவிட மோசமாக இருந்தது.

ஆறாம் பக்கம். வெற்றிலை. குரலைத் தாழ்த்தி, இருமலுக்கு நடுவே ஒளித்து, எப்படியோ சொல்லி முடித்தேன். செபஸ்தியான் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மெதுவாக, நாலைந்து வாக்கியம் பேசினார். பேசி முடித்துவிட்டு அலமாரியைக் காட்டினார்.

அம்மையார் எழுந்தார்.

நான் ஏழாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் நேரே அந்த இரும்பு அலமாரிக்குப் போனார். கதவைத் திறந்தார். ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். பிரித்த இடத்திலேயே நின்றார். இன்னொன்றை எடுத்தார். அதிலும் நின்றார். பிறகு செபஸ்தியானிடம் திரும்பி ஏதோ கேட்டார். அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

“என்ன கேட்கிறாங்க?” என்றார் மாணிக்கம், முகம் வெளுத்துப்போய்.

“அப்புறம் சொல்றேன் சார், நண்டு ஆறிடும்,” என்று செபஸ்தியான் அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஏழாம் பக்கத்தைப் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாணிக்கம் என் பக்கமே பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அம்மையார் என் கையைக் குலுக்கி, “தேங்க் யூ” என்றார். அந்தத் தேங்க் யூவுக்கு என்ன பொருள் என்று நான் யோசித்த யோசனை இருக்கிறதே!

அடுத்த இரண்டு வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மூன்று பெட்டி போனது போனதுதான். பிள்ளைகள் மறுபடியும் பரீட்சை கைடு படிக்க வேண்டியதுதான். அதோடு நின்றால் பரவாயில்லை. விஷயம் மேலிடத்துக்குப் போனால்? இரண்டு நாட்டு உறவு கெட்டுவிட்டால்? நார்வேக்காரர்கள் கோபத்தில் பாமாயில் வாங்குவதை நிறுத்திவிட்டால்? கேரி தீவில் விளைவது எல்லாமே அந்த எண்ணெய்க்கான செம்பனை ஆயிற்றே!

கமலாவிடம் புலம்பினேன். “உங்க பேச்சைக் கேட்டுட்டு எண்ணெய் வாங்குறதை நிறுத்துவாங்களா? இருபத்திரண்டு வருஷமா நான் கேட்கிறேன். நான் எதையாவது நிறுத்தினேனா?” என்றாள்.

அந்த இரண்டு வாரத்தில் உருப்படியாக ஒன்று செய்தேன். புத்தகத்தை மறுபடி படித்தேன். இந்தத் தடவை முதல் நாலு பக்கத்திலிருந்து. நோட்டில் எழுதி வைத்திருந்த ஒன்பது வாக்கியங்களும் அந்த எறும்பு வரிக்காரருடையவை. ஆட்டைப் பெற்றது அம்மையார். அந்த ஆட்டுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்து, என் வீட்டு ஜன்னல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தது இன்னொருவர். ஏழு பக்கம் புகழ்ந்தேனே, அவரைப் பற்றி ஓர் எழுத்து உண்டா? நன்றாக மொழிபெயர்ப்பவருக்கு இது ஒரு சாபம் போலிருக்கிறது. வேலை எவ்வளவு சுத்தமோ, அவ்வளவுக்கு ஆள் மறைந்துபோவார். சொதப்பினால் மட்டும்தான் ‘யாரய்யா இது?’ என்று பெயரைத் தேடுவோம்.

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு ஃபோன். மாணிக்கம்.

“சார்... பெட்டி வந்துருச்சு!”

“எத்தனை?”

“மூணும்!”

ஃபோனை வைத்தேன். நாற்காலியில் சாய்ந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரே நிமிஷத்தில் என் பயமெல்லாம் போய், அந்த இடத்தில் கர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது. என் பேச்சு! நார்வே மொழியில் போயும் வேலை செய்திருக்கிறது! அந்த வெற்றிலையை செபஸ்தியான் எப்படித்தான் மொழிபெயர்த்தாரோ? அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. நேற்று லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டேன்.

முதலில் பள்ளிக்கூடம். டென்மார்க் கதை, ஹாலந்து கதை, ஜெர்மன் கதை, எல்லாம் இங்கிலீஷ் சட்டை மாட்டிக்கொண்டு மேஜைமேல் அடுக்கி இருந்தன. சிலவற்றின் அட்டையில் அதே தங்க வட்டம். பிள்ளைகள் கை கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்து செபஸ்தியானின் ஒட்டுக்கடை.

அவர் தே தாரிக்குக்காகத் தேநீரை நுரைக்க ஆற்றிக்கொண்டிருந்தார். “வாங்க சார்! பசியாறியாச்சா?”

“அது கிடக்கட்டும் அண்ணே. அந்த ஆறாம் பக்கத்தை எப்படிச் சொன்னீங்க?”

செபஸ்தியான் குவளையை என் முன்னால் வைத்தார். “சார் கோவிச்சுக்கக் கூடாது.”

“கோபமா? எனக்கா?”

“நீங்க பேசினது எனக்கு ஒண்ணுமே புரியல.”

“தமிழ்லதானே பேசினேன்?”

“தமிழ்தான். ஆனா மேடைத் தமிழ் லா! எடுத்த எடுப்புல ‘மாண்புசால்’னு ஒண்ணு போட்டீங்க பாருங்க, நான் அங்கேயே இறங்கிட்டேன்.”

“அப்புறம் அவ்வளவு நேரம் என்னதான் பேசினீங்க?”

“முதல்ல, இன்னிக்கு நண்டு, காரம் தூக்கலா இருக்கும், பார்த்துச் சாப்பிடுங்கன்னேன். சிரிச்சாங்க.”

“அழுதாங்களே?”

“அவங்க ஊர்த் துறைமுகத்துல எங்க கப்பல் நின்னிருக்கு. அங்கே கத்துக்கிட்ட மீன் சூப்பு எப்படி வைக்கிறதுன்னு சொன்னேன். அவங்க அம்மா அப்படித்தான் வைப்பாங்களாம்.”

“என்னைக் காட்டிச் சிரிச்சீங்களே?”

அவர் மீசையைத் தடவினார். “அது ஒண்ணுமில்ல. இவர் கையில இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு, பொறுத்துக்கங்கன்னேன்.”

தே தாரிக்கை ஒரு வாய் குடித்தேன். நாக்கு சுட்டது. “அலமாரிக்கு எதுக்கு அனுப்பினீங்க?”

செபஸ்தியான் துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது.

“என் மக ஸ்டெல்லா அஞ்சாம் வகுப்பு. அந்த மேனேஜர் புத்தகம் எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சிட்டா. இங்கிலீஷ் புரியாத இடமெல்லாம் டிக்‌ஷனரி பார்த்து, ஓரத்துல பென்சிலால தமிழ்ல எழுதி வெச்சிருக்கா, அடுத்து படிக்கிற பிள்ளைக்கு ஆகும்னு. அதைத்தான் சொன்னேன். போய்ப் பாருங்க, இவ படிக்க இங்கே வேற புத்தகம் இல்லன்னு சொன்னேன்.”

“அவங்க என்னமோ கேட்டாங்களே?”

“பிள்ளை பேரு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன்.”

ஆக, நடந்தது இவ்வளவுதான். நான் ஆறு பக்கம் படித்தேன். அதில் ஒரு வரிகூட நார்வே மொழிக்குப் போகவில்லை. செபஸ்தியான் தன் மகளுக்குப் புத்தகம் கேட்டார். அந்த அம்மா அனுப்பி வைத்தார்.